அறக்கட்டளை மானியத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி: திருகோணமலைச் சிறு சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

வெருகல், கிண்ணியா, குச்சவெளி என்று எங்கே போனாலும் சங்கம் நடத்துகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த டோனரிட்ட இப்ப காசு இருக்கு?" என்றுதான். ஊரில் தேவை இருக்கிறது, செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், பணம் மட்டும் இல்லை. அதனால் பேச்சு அங்கே தொடங்குவது இயல்பு. ஆனால் ஓர் அறக்கட்டளையில் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் மனதில் ஓடுவது வேறு: இவர்கள் யார், சொன்ன வேலையைச் செய்வார்களா, கொடுக்கிற பணத்துக்குக் கணக்கு வருமா. அதற்குப் பதில் சொல்லும் தாள்கள் உங்கள் அலுமாரியில் இருந்தால் டோனரை, அதாவது நிதி கொடுப்பவரை, தேடுவது பிறகு அவ்வளவு கடினமான வேலை இல்லை. அதனால்தான் விண்ணப்பம் எழுதத் தொடங்குமுன் செய்யவேண்டியவற்றை இங்கே நீளமாகச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் பெரிய நிறுவனங்கள் திருகோணமலையில் அலுவலகம் போட்டு, தாங்களாகவே கிராமங்களுக்கு வந்தன. சங்கங்கள் விண்ணப்பம் எழுதத் தெரியாமலே உதவி பெற முடிந்தது. அந்தக் காலம் போய்விட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தி, ஜூலை 1ஆம் திகதியோடு தன் உதவி நிறுவனமான யூஎஸ்எயிட்டின் வேலைகளையும் முடித்துக்கொண்டது. இனி ஒரே ஒரு பெரிய கையை நம்பியிருப்பது ஆபத்து. சிறிய சிறிய மானியங்களைத் தாங்களே எழுதி வாங்கக்கூடிய சங்கங்கள்தான் நின்று பிடிக்கும்.

படி 1: எந்தப் பதிவில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

நம் மாவட்டத்தில் சங்கங்கள் பல வழிகளில் பதிவாகியிருக்கின்றன. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும்; அதற்கான உத்தியோகத்தர் உங்கள் பிரதேச செயலகத்திலேயே இருப்பார். கமக்காரர் அமைப்புகள் கமநல சேவை நிலையத்தில் பதிவாகும். இவற்றைத் தவிர, சமூக சேவை அமைப்பு என்று தனியாகப் பதிவு செய்வதற்கு இரண்டு வழிகள் அதிகம் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவுசெய்வதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம். அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் இதன் கீழ்தான் பதிவு செய்கிறது. மற்றது, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், இலாபம் பங்கிடாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது.

வெளிநாட்டு அறக்கட்டளைகள் பெரும்பாலும் இந்தப் பின்னிரண்டில் ஒன்றைக் கேட்கும். தூதரகங்களின் சிறு மானியங்களும் உள்ளூர் நிதியங்களும் பிரதேச செயலகப் பதிவோடு வரும் சங்கங்களையும் சில வேளை ஏற்றுக்கொள்ளும். உங்கள் வேலை ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் நடக்கிறதா, மாவட்டம் முழுக்க நடக்கிறதா, வேறு மாவட்டத்துக்கும் போகிறதா என்பதைப் பொறுத்து எங்கே பதிவது என்பது மாறும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அரச சார்பற்ற நிறுவனங்களின் அலுவல்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பதிவு விதிகளை மாற்றும் பேச்சு பல வருடமாக நடப்பதால், பக்கத்து ஊர்ச் சங்கம் மூன்று வருடத்துக்கு முன் செய்ததை அப்படியே பார்த்துச் செய்யவேண்டாம்.

ஒரு மானிய அறிவித்தலைப் பார்த்துவிட்டு, அதற்காக மட்டும் அவசரமாகக் கம்பனி பதிவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கம்பனி என்றால் வருடா வருடம் பதிவாளருக்கு விபரத் திரட்டு அனுப்பவேண்டும், கணக்காய்வு செய்யவேண்டும், அதற்கெல்லாம் செலவு உண்டு. பதிவு போதாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது: நல்ல பெயருள்ள, ஏற்கெனவே பதிவுள்ள ஓர் அமைப்பு உங்களுக்காகப் பணத்தைப் பொறுப்பேற்று வாங்கும், வேலையை நீங்கள் செய்வீர்கள். பல அறக்கட்டளைகள் இதை ஏற்கின்றன. அப்படிச் செய்வதானால் யார் எதைச் செய்வது, நிர்வாகச் செலவுக்கு அவர்கள் எத்தனை வீதம் எடுப்பார்கள், பணம் வந்து எத்தனை நாளுக்குள் உங்களுக்குத் தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறவுக்காரராக இருந்தாலும் எழுத்தில் வேண்டும்.

படி 2: ஒரு கோப்பு

ஒரு நல்ல தடித்த கோப்பு வாங்குங்கள். பதிவுச் சான்றிதழ், யாப்பு (சங்கத்தின் விதிகள்), தற்போதைய நிர்வாக சபையின் பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டைப் பிரதிகளும், கடைசிப் பொதுக்கூட்டத்தின் கூட்டறிக்கை, கடந்த இரண்டு மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கைகள், வங்கிக் கூற்று, பிரதேச செயலாளரின் சிபார்சுக் கடிதம், செய்த வேலைகளின் சுருக்கமும் போட்டோக்களும். இவை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கூகுள் ட்ரைவ் போன்ற இடத்திலும் வையுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பொருளாளர் கொழும்புக்குப் போயிருப்பார், சாவி அவரிடம் இருக்கும்.

கணக்காய்வு என்றவுடன் பலர் பின்வாங்குகிறார்கள். வருடம் மூன்று லட்சம் ரூபாய் புழங்கும் சங்கத்துக்கு எதற்கு ஒடிட்டர் என்று கேட்பார்கள். புழங்குவது சிறிய தொகையாக இருக்கும்போதே தொடங்குவதுதான் நல்லது, அப்போது கட்டணமும் குறைவு. முதல் வருடம் ஒரு பட்டயக் கணக்காளரை அமர்த்த முடியாவிட்டால், உள்ளகக் கணக்காய்வாளர் ஒருவரைப் பொதுக்கூட்டத்தில் தெரிவுசெய்து, அவர் கையெழுத்திட்ட வரவு செலவு அறிக்கையாவது வைத்திருங்கள். மூன்று வருடம் தொடர்ந்து கணக்கு வைத்திருக்கும் சின்னச் சங்கத்தை, கணக்கே இல்லாத பெரிய சங்கத்தை விட டோனர்கள் அதிகம் நம்புகிறார்கள். இதைப் பல தடவை கண்முன்னே பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். தலைவரின் சொந்தக் கணக்குக்கு எந்த ஒழுங்கான அறக்கட்டளையும் பணம் அனுப்பாது. குறைந்தது இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று இருக்கட்டும். அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய தொல்லையாகிறது: சங்கத்தின் ஆங்கிலப் பெயர். மூதூரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். தம்பலகாமத்துக்கு அரச பதிவுகளில் வேறு எழுத்துக்கூட்டு இருக்கும். பதிவுச் சான்றிதழில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, றப்பர் முத்திரையில் இன்னொரு மாதிரி என்றால், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வங்கியில் மாட்டிக்கொள்ளும். இன்றைக்கே மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வங்கியில் கடிதம் கொடுத்துத் திருத்துங்கள்.

படி 3: யாரிடம் கேட்பது

எல்லா அறக்கட்டளைக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்புவது நேரத்தை வீணாக்கும் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அக்கறை இருக்கும், அதற்கு வெளியே அது ஒரு சதமும் தராது. நம் பக்கத்துச் சங்கங்களுக்குப் பொருந்தக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெண்களின் உரிமைக்காக வேலை செய்கிற அமைப்பு என்றால் கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் விமென்ஸ் ஃபண்ட் ஏஷியாவைப் பாருங்கள். சமத்துவம், நீதி, இனங்களுக்கிடையிலான உறவு போன்றவற்றில் வேலை செய்கிறீர்கள் என்றால் நீலன் திருச்செல்வம் அறக்கட்டளை. அதுவும் கொழும்பில்தான் இருக்கிறது, உள்ளூர் அமைப்புகளுக்குச் சிறிய மானியங்கள் கொடுக்கிறது. கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் கண்டல் காடு, கரையோரம், விதை பாதுகாப்பு, நிலச் சீரழிவு என்று வேலை செய்பவர்களுக்கு, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் நடத்தும் உலக சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் இருக்கிறது. அது சமூக அமைப்புகளுக்கென்றே உண்டானது. ஒரு கருத்திட்டத்துக்கு வழக்கமாக 50,000 டொலர் வரை கொடுத்து வந்தது. முதல் தடவை கேட்பவர்கள் அதில் ஒரு சிறு பங்கைக் கேட்டாலே போதும்.

தூதரகங்கள் அறக்கட்டளைகள் இல்லைதான், ஆனாலும் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். ஜப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட மக்களுக்கான மானியத் திட்டம் பொதுவாக ஒரு கோடி யென் வரை கொடுக்கிறது. அது கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்கு. சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் தராது. அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயமும் சிறு அமைப்புகளுக்கு நேரடி உதவித் திட்டம் நடத்துகிறது. உள்ளூர்ப் பெரிய கம்பனிகள் சிலவற்றுக்குச் சொந்தமாக அறக்கட்டளைகள் உண்டு. அவை கல்வி, சுகாதாரம், இயற்கை என்று தங்கள் துறைகளை வைத்திருக்கின்றன.

லண்டன், டொரொன்டோ, சிட்னியில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களையும் ஊர்ச் சங்கங்களையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் தரும் பணம் சிறியதாக இருக்கலாம். ஆனால் அதை ஒழுங்காக வாங்கி, பற்றுச்சீட்டு கொடுத்து, அறிக்கை அனுப்பினால், அடுத்த விண்ணப்பத்தில் "முன்பு பெற்ற நிதியும் அதைச் செலவிட்ட விதமும்" என்ற பெட்டியில் எழுத ஒன்று கிடைத்துவிடும்.

ஒவ்வொரு நிதியத்தையும் பார்க்கும்போது நாலு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: இலங்கைக்குக் கொடுக்கிறார்களா, உங்கள் பதிவு போதுமா, கடந்த வருடங்களில் எவ்வளவு தொகையை யாருக்குக் கொடுத்தார்கள், விண்ணப்பம் திறந்திருக்கிறதா அல்லது அழைத்தால்தான் போடலாமா. மூன்றாவதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. முன்பு மானியம் பெற்றவர்களின் பட்டியலை வாசித்தால், அவர்களுக்கு எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

விண்ணப்பத்தைப் படிக்கவே பணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். "உங்களுக்கு மானியம் கிடைத்துவிட்டது, செயற்பாட்டுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடாதீர்கள். கிடைக்கும் மானியத்தில் இத்தனை வீதம் தந்தால் எழுதித் தருகிறேன் என்பவரையும் தவிர்த்துவிடுங்கள். அந்த வீதத்தை எந்த டோனரின் வரவு செலவிலும் காட்ட முடியாது, கடைசியில் பொய் பில் போடவேண்டி வரும்.

படி 4: எழுதுமுன் கதையுங்கள்

அறக்கட்டளையின் தொடர்பு அலுவலருக்குப் பத்து வரியில் ஒரு மின்னஞ்சல். நாங்கள் யார், எங்கே இருக்கிறோம், என்ன செய்கிறோம், என்ன கேட்க நினைக்கிறோம், இது உங்கள் திட்டத்துக்குப் பொருந்துமா, தமிழில் எழுதலாமா. அவ்வளவுதான். பொருந்தாது என்று அவர்கள் சொன்னால் ஒரு மாத வேலை மிச்சம். கொழும்பில் இருக்கும் நிதியங்கள் பலவற்றில் தமிழ் தெரிந்தவர்கள் இருப்பார்கள். தயங்காமல் தொலைபேசியிலும் கேளுங்கள்.

ஊரிலும் கதைக்க வேண்டும். கிராம அலுவலர், அபிவிருத்தி உத்தியோகத்தர், பாடசாலை அதிபர், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், முக்கியமாக யாருக்காக இந்த வேலையோ அவர்கள். அதே ஊரில் அதே வேலையை இன்னொரு நிறுவனம் செய்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு பல கரையோரங்களில் தேவைக்கு மேல் வள்ளங்கள் கொடுக்கப்பட்டது ஊரைக் கேட்காததால்தான். மக்களைக் கூட்டிக் கதைத்த நாள், வந்தவர் எண்ணிக்கை, அவர்கள் சொன்னது, இவற்றைக் கூட்டறிக்கையில் எழுதி வையுங்கள். "தேவையை எப்படிக் கண்டறிந்தீர்கள்?" என்ற கேள்வி எல்லாப் படிவத்திலும் வரும்.

படி 5: தேவையை எழுதுவது

இதில்தான் அதிக விண்ணப்பங்கள் தோற்கின்றன, அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன். நம்மவர்கள் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: "மூதூர்ப் பிரதேசமானது யுத்தத்தாலும் சுனாமியாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்பட்ட மிகவும் பின்தங்கிய பிரதேசமாகும். இங்குள்ள சிறுவர்கள் கல்வியில் பின்தங்கிக் காணப்படுகின்றனர்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கிழக்கு மாகாணத்தில் எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் இந்த வாக்கியங்கள் பொருந்தும். கொழும்பில் இருக்கும் ஒரு கன்சல்டன்ட் அறையை விட்டு வெளியே வராமலே இதை எழுதலாம்.

உங்களிடம் அவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: ஊர் உங்களுக்குத் தெரியும். உதாரணமாக, மாலை வகுப்பு நடத்தும் ஒரு மாதர் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் இப்படி எழுதலாம்: "எங்கள் கிராம அலுவலர் பிரிவில் பத்தாம், பதினோராம் வகுப்புகளில் 40 பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் 13 பேரின் தாய்மார் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் அம்மம்மாவோடு இருக்கிறார்கள். கணித டியூசனுக்கு ரவுனுக்குப் போகவேண்டும், திரும்பி வரப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பஸ் இல்லை. கடந்த முறை சாதாரண தரம் எழுதிய 18 பேரில் 7 பேர்தான் கணிதத்தில் சித்தியடைந்தார்கள்." இந்த எண்கள் நான் மாதிரிக்குப் போட்டவை. உங்களுடையதை நீங்களே வீடு வீடாகவும் பாடசாலையிலும் எடுக்கவேண்டும். சங்கத்தில் நாலு பேர் இரண்டு பின்னேரம் நடந்தால் போதும்.

மாவட்டப் புள்ளிவிபரம் சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் புதியதைச் சேருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 379,541 என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் அடுத்த மதிப்பீடு வந்துவிட்டது. பிரதேச செயலகப் புள்ளிவிபரக் கிளையில் உங்கள் பிரிவின் விபரங்களைக் கேட்டு வாங்கலாம். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு உங்கள் ஊர் எண்ணுக்கு வாருங்கள்.

மக்களைக் கையேந்துபவர்களாகக் காட்டி எழுதவேண்டாம். அந்த அம்மம்மாக்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், மண்டபத்தைக் கூட்டித் தருகிறார்கள், தேநீர் போடுகிறார்கள். அதையும் எழுதுங்கள். அது உண்மை, அவர்களுடைய மரியாதை, சங்கத்தின் பலமும் அதுதான்.

படி 6: என்ன செய்வீர்கள், எப்போது, எப்படித் தெரியும்

செய்யப்போவதைச் சிறிதாக வையுங்கள். நீங்கள் ஏற்கெனவே கைக்காசில் செய்துகொண்டிருக்கும் வேலையைக் கொஞ்சம் பெரிதாக்கக் கேட்பதுதான் முதல் மானியத்துக்கு ஏற்றது. அறிவித்தலில் "காலநிலை மாற்றம்" என்று இருந்ததற்காக மாலை வகுப்புச் சங்கம் திடீரென்று மரம் நடும் சங்கமாக மாறினால், படிப்பவருக்கு அது உடனே தெரியும். கிடைத்தாலும் அந்த வேலையை இழுத்துச் செல்ல ஊரில் யாரும் இருக்கமாட்டார்கள்.

கால அட்டவணையைத் திருகோணமலையின் கலண்டரைப் பார்த்துப் போடுங்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. கட்டட வேலை, பாதை வேலை, வெளிக்களப் பயிற்சி எதையும் நவம்பர், டிசம்பரில் வைக்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் அட்டவணையில் மறந்துவிடுகிறோம். பெரும்போக விதைப்பு, அறுவடை நாட்களில் தம்பலகாமத்தில் கூட்டத்துக்கு ஆள் வராது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதத்தில் பின்னேர நிகழ்ச்சி வைக்கமுடியாது. வெருகல் கோயில் திருவிழா நாட்களும் அப்படித்தான். இவற்றை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டால், ஊரை அறிந்தவர்கள் எழுதியது என்று தெரியும்.

விளைவை அளப்பதற்கு இரண்டு எண் போதும். வகுப்பு நடந்த நாட்கள், வந்த பிள்ளைகள் என்பது ஒன்று. பருவப் பரீட்சையில் கணிதப் புள்ளி தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்பது மற்றது. முதல் எண் வேலை நடந்ததைக் காட்டும், இரண்டாவது அதனால் என்ன மாறியது என்பதைக் காட்டும். தொடக்க எண்ணை எடுக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டால் கடைசியில் காட்ட ஒன்றும் இருக்காது.

மாவட்டத்தில் மூன்று இனத்தவரும் வாழ்கிறோம். உங்கள் வேலையால் பயன்பெறுவோர் யார், பக்கத்து ஊர்க்காரரை ஏன் சேர்த்தீர்கள் அல்லது சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். படத்துக்காக மட்டும் வேறு இனத்தவர் நாலு பேரை அழைத்து உட்காரவைப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

படி 7: வரவு செலவு

அதே மாலை வகுப்புக்கு ஒரு மாதிரிக் கணக்கு. இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் வீதம் பத்து மாதம்: 400,000. பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 25,000 வீதம் 12 மாதம்: 300,000. அதற்கு ஊழியர் சேமலாப நிதியில் தொழில்கொள்வோர் பங்கு 12 வீதம், 36,000. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 9,000. புத்தகமும் பயிற்சித் தாளும் ஒரு பிள்ளைக்கு 3,500 வீதம் 40 பேருக்கு: 140,000. மேசை கதிரை 20 சோடி, 9,000 வீதம்: 180,000. மின்சாரம், தண்ணீர் மாதம் 4,000 வீதம்: 48,000. போக்குவரத்து மாதம் 5,000 வீதம்: 60,000. கணக்காய்வு 50,000. வங்கிக் கட்டணம் 6,000. மொத்தம் 1,229,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 30,725 ரூபாய் வருகிறது.

ஒவ்வொரு வரியிலும் எத்தனை, என்ன விலை, எத்தனை மாதம் என்று பிரித்துக் காட்டியிருப்பதைக் கவனியுங்கள். "கல்வி உபகரணம் 320,000" என்று மொத்தமாக எழுதினால் கேள்வி வரும். விலைகளைத் திருகோணமலைக் கடைகளில் கொட்டேசன் எடுத்துப் போடுங்கள். கிழக்கு வரை கொண்டுவரும் கூலியையும் சேருங்கள். சேமலாப நிதியை விட்டுவிட்டுப் பிறகு சங்கத்தின் கைக்காசில் கட்டவேண்டி வந்த இடங்கள் உண்டு. சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு அதில் விலக்கும் உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்று தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். மானியத்துக்கு வருமான வரி வருமா என்பதை உங்கள் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சங்கம் தருவதையும் எழுதுங்கள். மண்டபத்துக்கு வாடகை மாதம் 5,000 என்று மதிப்பிட்டால் வருடம் 60,000. அதை "சொந்தப் பங்களிப்பு" என்று தனி நிரலில் காட்டலாம்.

டொலரில் மானியம் வருவதானால் நாணய மாற்றத்தை யோசிக்கவேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை போனது. அதோடு டீசலும் சீமெந்தும் ஏறின. அடுத்த வருடம் ரூபாய் பலப்பட்டபோது, 360ஐ நம்பித் திட்டம் போட்டவர்களுக்குக் கையில் குறைவாக வந்தது. ஒப்பந்தம் எந்த நாணயத்தில், கூடினாலோ குறைந்தாலோ என்ன செய்வது, ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு எத்தனை வீதம் வரை கேட்காமல் மாற்றலாம் என்று கையெழுத்திடுமுன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

படி 8: அனுப்புவது

இணையப் படிவத்தில் நேரடியாக எழுதாதீர்கள். மின்சாரமோ இணையமோ போனால் எல்லாம் போய்விடும். வேர்ட் கோப்பில் எழுதி, எழுத்து எண்ணிக்கையைப் பார்த்து, பிறகு ஒட்டுங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றியே ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் மறுபக்கத்தில் வாசிக்க முடியாத எழுத்துக்கள்தான் தெரியும்.

ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால், முதலில் தமிழில் முழுதாக எழுதி முடித்துவிட்டு, நல்ல ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்து வாங்குங்கள். எளிய ஆங்கிலம் போதும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டும் மொழிபெயர்க்கிறார்கள்; செய்யலாம், ஆனால் எண்களையும் ஊர்ப் பெயர்களையும் ஒரு மனிதர் திரும்பப் பார்க்கவேண்டும்.

முடிவு நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள். கோடையா குளிர்காலமா என்பதைப் பொறுத்து அங்கே கடிகாரம் ஒரு மணி மாறும்: நியூயோர்க்கில் மாலை 5 மணி என்றால் நமக்கு அடுத்த நாள் அதிகாலை 2.30 அல்லது 3.30, லண்டனில் 5 மணி என்றால் இரவு 9.30 அல்லது 10.30. எப்படியிருந்தாலும் இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள். அனுப்பியதன் பிரதியைக் கோப்பில் வையுங்கள்.

படி 9: அவர்கள் விசாரிக்கும்போது

நல்ல அறிகுறி இது. நிர்வாக சபையினரின் முழுப் பெயர், பிறந்த திகதி, சிறுவர் பாதுகாப்புக் கொள்கை, கொள்வனவு விதி என்று கேட்பார்கள். சந்தேகப்படுகிறார்கள் என்று மனம் நோகவேண்டாம். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளை வெளிநாட்டு அமைப்புக்குப் பணம் கொடுக்கும்போது, அந்த அமைப்பு அங்குள்ள பொதுத் தொண்டு நிறுவனத்துக்கு நிகரானது என்று உறுதிசெய்யவேண்டும். இல்லாவிட்டால் முன்விசாரணை, எழுத்து ஒப்பந்தம், பணத்தைத் தனியாக வைத்தல், வருடாந்த அறிக்கை என்று அந்தச் செலவுக்குத் தானே பொறுப்பேற்கவேண்டும். அது அவர்கள் நாட்டு வரிச் சட்டம். அதனால்தான் அவ்வளவு தாள்.

பார்வையிட வந்தால் விழா எடுக்காதீர்கள். மாலையும் மேளமும் வேண்டாம். வகுப்பு நடக்கும் நேரத்துக்கு அழைத்து, பிள்ளைகளோடும் அம்மம்மாக்களோடும் கதைக்க விடுங்கள், செலவுச் சீட்டுகள் (வவுச்சர்) உள்ள கோப்பை மேசையில் வையுங்கள்.

மறுப்பு வந்தால் நன்றி சொல்லி, எந்த இடத்தில் போதாமல் இருந்தது என்று கேளுங்கள். சிலர் பதில் தருவார்கள். அந்தப் பதிலோடு திருத்தி அடுத்த சுற்றில் போடலாம்.

படி 10: பணம் வந்த பிறகு

ஒப்பந்தத்தை நிர்வாக சபை முழுவதும் இருந்து வாசிக்கவேண்டும், தலைவரும் செயலாளரும் மட்டும் போதாது. வெளிநாட்டுப் பணம் வரும்போது வங்கி அந்த ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்கும், தயாராக வையுங்கள். அந்த மானியத்துக்கென்று தனிப் பேரேடு திறங்கள்.

பில் இல்லாத செலவுகள் நம் ஊரில் நிறைய. ஆட்டோவுக்கும் வள்ளத்துக்கும் கூலியாளுக்கும் யாரும் பில் தரமாட்டார்கள். வவுச்சர் எழுதி, பெயர், அடையாள அட்டை இலக்கம், எதற்காக, எங்கிருந்து எங்கே என்று போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். சுப்பர்மார்க்கட்டில் தரும் வழவழப்பான பில்கள் இந்த வெக்கையில் சில மாதத்தில் வெளிறிப்போகும். வாங்கிய அன்றே போட்டோக்கொப்பி எடுத்துச் சேர்த்துப் பின்னடியுங்கள். பெரிய பொருள் என்றால் மூன்று கொட்டேசன். பிள்ளைகளின் முகம் தெரியும் போட்டோவைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

வேலை பிந்தினால் முடிவுத் திகதி வரை காத்திராமல் முன்கூட்டியே எழுதுங்கள். வெள்ளம் வந்து ஒரு மாதம் வகுப்பு நடக்கவில்லை என்றால் அதைச் சொல்லி, கூடுதல் பணம் கேட்காமல் கால நீடிப்பு மட்டும் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். மிஞ்சிய பணத்தை அவசரமாகச் செலவழித்து முடிப்பது தவறு. மிச்சம் இவ்வளவு, இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள்.

இறுதி அறிக்கையில் நடக்காததையும் எழுதுங்கள். 40 பிள்ளைகளில் 31 பேர்தான் முழு வருடமும் வந்தார்கள் என்றால் அதையும், மற்ற ஒன்பது பேர் ஏன் நின்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பகுதியைத்தான் டோனர்கள் கவனமாக வாசிக்கிறார்கள்.

பொதுக்கூட்டத்தில் புது நிர்வாகம் தெரிவாகும்போது மானியக் கோப்பு, பேரேடு, காசோலைப் புத்தகம், மின்னஞ்சலின் கடவுச்சொல் எல்லாவற்றையும் பழைய பொருளாளர் புதியவரிடம் பட்டியல் போட்டு ஒப்படைக்கட்டும். இருவரும் கையெழுத்திட்டு, அதைக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றும் கடிதத்தையும் அந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள்.